பக்கத்துத் துளை

மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. நோர்வேக்கு வந்த புதிதில், நாட்டின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். என் கத்திக்குக் கீழே போன கொட் மீன்களை வரிசையாக வைத்தால் அவை ஒஸ்லோவரை வந்திருக்கும். ஆனால் அந்த மீன்கள் எல்லாம் என்னிடம் வரும்போது தலையில்லாமல், குடலில்லாமல், செத்துக் குளிர்ந்துதான் வரும். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். கடல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது சைக்கிள் பெட்டியில். உயிருள்ள மீனுக்கும் எனக்கும் அறிமுகமே கிடையாது.

இப்படிப்பட்ட நிபுணன்தான் என் மச்சானின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், சபை நிறைந்திருந்த நேரம் பார்த்து, வாயைத் திறந்தேன்.

மச்சான் என் மனைவியின் ஒரே தம்பி. பாட்ஸ்பியோர்டில் என் மேசைக்கு எதிரே நின்று மீன் சீவியவன். ரப்பர் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, பையிலிருந்து தன் அக்காவின் படத்தை எடுத்துக் காட்டியவனும் அவன்தான். இப்போது லில்லெஸ்ட்ரோமில் இருந்துகொண்டு பஸ் ஓட்டுகிறான். ஓய்வு கிடைத்தால் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பான். அன்றைய விருந்துக்குத் தானே பிடித்த ஏரி மீனை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்து, தட்டைத் தானே ஏந்திக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் வந்தான். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். நான் ஒரு துண்டை வாயில் வைத்து, பெரிய ரசிகனைப் போல் கண்ணை மூடி, கொஞ்சம் மென்று, தீர்ப்புச் சொன்னேன்.

"மச்சான், சேறு மணக்குது."

கடல் மீன் தின்று வளர்ந்த எங்கள் ஆட்களுக்குக் குளத்து மீன் என்றாலே இளக்காரம். போதாதற்கு, சொன்னவன் பாட்ஸ்பியோர்டில் வேலை செய்தவன். எனக்குப் பிறகு சபையில் பலருக்கும் சேறு மணக்கத் தொடங்கியது. தட்டில் மீன் அப்படியே மிஞ்சியது. மச்சான் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான். அன்றிலிருந்து அவன் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. சேறு மணந்தது உண்மை. உண்மையைச் சொன்னவன் எதற்காக இறங்கிப் போக வேண்டும்?

கதை பேச்சில்லாமல் இருப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒழுங்கான முறை உண்டு. கோயில் திருவிழாவில் ஒரே வரிசையில் நிற்கலாம். ஆனால் கண் கற்பூரத்தைவிட்டு விலகக் கூடாது. ஒருவரைப் பற்றி ஒருவர் விசாரிக்கலாம். ஆனால் மனைவிமார் மூலமாகத்தான். "அவருக்குப் பிறஷர் எப்பிடியாம்?" என்று அவன் தன் அக்காவிடம் கேட்பான். "குறைஞ்சிட்டுது எண்டு சொல்லு" என்று நான் என் மனைவியிடம் சொல்வேன். இப்படியே இரண்டு வருஷம் மிக நாகரிகமாக ஓடியது.

அதற்குப் பிறகு என் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. மே மாதத்தில் நாள். தைப்பொங்கல் முடிந்த கையோடு அழைப்பிதழ்கள் அச்சாகி ஒரு பெரிய பெட்டியில் வந்து இறங்கின. என் மனைவி பெட்டியைத் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் அலுமாரியில் என் வேட்டிகளுக்கு மேல் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, முதல் காட் என்ரை தம்பிக்கு. நீங்கள்தான் வாயாலை சொல்லிக் குடுக்கவேணும். அதுக்கு முதல் ஒரு காட்டும் இந்த வீட்டைவிட்டு வெளிக்கிடாது."

"நீ சொல்லன். நெடுகப் போனிலை கதைக்கிறாய்தானே."

"பொம்பிளையின்ரை தேப்பன் வந்து சொல்லாத கலியாணத்துக்கு அவன் ஏன் வாறான்? நானெண்டாலும் வரமாட்டன்."

மகள் பிறந்ததும் வளர்ந்ததும் ஒஸ்லோவில். மாமாதான் தன்னை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். "அப்பா, நீங்கள் ரெண்டுபேரும் சரியான பார்ன்ஸ்லி" என்றாள். சின்னப்பிள்ளைத்தனத்துக்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அழுதாள் என்று மனைவி பிறகு சொன்னாள். ஆனாலும் லில்லெஸ்ட்ரோமுக்குப் போய் அவன் வீட்டு மணியை அடிப்பதை நினைத்தால் என் கால் எழும்பவில்லை. நான் ஒரு பாடசாலையில் வக்த்மெஸ்தர். கதவு, குழாய், கதிரை என்று உடைந்ததையெல்லாம் திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை எந்தப் பக்கத்தால் திருத்தத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் வீட்டுக்குப் போனால் அது இறங்கிப் போனதாகும். எதிர்பாராமல் எங்காவது சந்தித்தால் அது தற்செயல். தற்செயலில் மானம் போகாது. பனிக்காலத்தில் சனிக்கிழமைதோறும் மச்சான் காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்குப் போய், உறைந்த நீரில் துளை போட்டு மீன் பிடிப்பது எனக்குத் தெரியும். ஆகவே அவனைத் தற்செயலாகச் சந்திப்பதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஐஸில் மீன் பிடிக்கப் பழக வேண்டும்.

வெஸ்ட்லியில் எங்கள் வீடு ஏழாவது மாடியில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் இணையத்தில் காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். பில்க் என்பது சின்ன மீனைப் போல மினுங்கும் ஓர் உலோகத் துண்டு, நுனியில் கொக்கி. முழநீளத் தூண்டில் தடியில் அதைக் கட்டி, துளை வழியே இறக்கி, மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அதற்குப் பெயர் பில்கிங். பிடிக்க வேண்டிய மீன் ரொய்யே. சால்மன் வம்சம்தான், ஆனால் அந்த ஏரியில் இருப்பது கடல் பக்கமே போகாமல் அங்கேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடும் வகை. வெளியூர் போகாத மீனைப் பிடிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

ஆட்டிப் பழக இடம் வேண்டுமே. பல்கனிக் கம்பிக்கு வெளியே பில்க்கை இறக்கினேன். வெள்ளித்துண்டு கீழே போய் அழகாக ஏறி இறங்கியது. சற்று நேரத்தில் கீழ்வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டினார். சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், மிக மரியாதையானவர்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்லேர்ந்து ஏதோ பளபளன்னு எங்க ஜன்னல் பக்கம் ஏறி இறங்கிட்டே இருக்கு. ஏதாவது பரிகாரமா?"

"இல்லைத் தம்பி. மீன் பிடிக்கப் பழகிறன்."

அவர் தலையை நீட்டி என் பல்கனியைப் பார்த்தார். "ஏழாவது மாடிலேர்ந்தா?" என்றார். பிறகு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு லிப்டில் கண்டால் என்னைவிட்டுச் சற்று விலகியே நிற்கிறார்.

கொக்கியில் குத்துவதற்கு வெள்ளைப் புழு வேண்டும் என்று காணொளியில் சொன்னார்கள். கடையில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் உயிரோடு விற்றார்கள். குளிரில் வைத்தால் கிழமைக்கணக்கில் இருக்குமாம். குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்ந்துவிட்டு, சுவாமிக்குப் படைக்கத் தயிர் எடுக்கப் போனவள் போட்ட சத்தம் சுரங்க ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும்.

"ஐயோ, இஞ்சை சோறு நெளியுது!"

அன்று அவள் மறுபடி தோய்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியும் தோய்ந்தது. புழுக்கள் என் காருக்குக் குடிபெயர்ந்தன.

முதல் சனிக்கிழமை நான் ஏரிக்குப் போனபோது மச்சான் ஏற்கெனவே அங்கே இருந்தான். வெள்ளை வெளியின் நடுவே ஒரு சின்னக் கதிரையில், குல்லாவை இழுத்து மூடிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி. நான் அவனைக் காணாதவன்போல் வேறு பக்கம் நடந்தேன். தற்செயல் என்றால் தற்செயல்போல் இருக்க வேண்டும் அல்லவா. நல்ல சமதரையாக ஓரிடம் பார்த்து, பாடசாலையில் ஓர் ஆசிரியரிடம் இரவல் வாங்கிய துறப்பணத்தை ஊன்றிச் சுழற்றத் தொடங்கினேன். ஒரு மனிதன் உயரம் இருக்கும் திருகாணி அது. சுழற்றினேன், சுழற்றினேன். கோட்டைக் கழற்றினேன். குல்லாவைக் கழற்றினேன். கடைசியில் நுனி தட்டென்று இறங்கியது. மேலே இழுத்தபோது திருகாணியில் தண்ணீர் வரவில்லை. கருஞ்சேறும் காய்ந்த புல்லும் வந்தன.

நான் துளைத்தது ஏரியை அல்ல, கரையோரச் சதுப்பை. பனி மூடினால் ஏரி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு என்பார்கள். எனக்குப் பனி சாட்டு. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் இன்னும் எனக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

சேறு மணக்குது என்று சொன்னவனுக்கு ஏரி கொடுத்த முதல் வரும்படி சேறு. துறப்பணத்தைத் துடைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"சொன்னியளோ?" என்றாள் மனைவி.

"இண்டைக்குக் காத்துச் சரியில்லை" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஓர் அதிர்ஷ்டம். மச்சான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பாய் விரிக்கக்கூடிய தூரத்தில், யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு துளை இருந்தது. மேலே மெல்லிய ஐஸ் ஆடை மட்டுமே படிந்திருந்தது. காலால் தட்டினால் உடைந்துவிட்டது. என் நேரம் நல்ல நேரம் என்று எண்ணி அங்கேயே கதிரையைப் போட்டேன். அந்தத் துளையை யார் போட்டது, எதற்காகச் சரியாக அந்தத் தூரத்தில் போட்டது என்பதையெல்லாம் யோசிக்கிற மூளை எனக்கு அன்று இருக்கவில்லை.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நோர்வேக்காரப் பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும், ஒரு சாம்பல் நிற நாயோடு இருந்தார். நாங்கள் மூவரும் நெடுநேரம் ஒரு சொல்லும் பேசாமல் மீன் பிடித்தோம். எனக்கும் மச்சானுக்கும் நடுவே இருந்த மௌனம் இரண்டு வருஷம் ஊறிய மௌனம். அதைப் பார்த்து அந்தப் பெண்மணி அசந்துபோனார்.

"உங்களைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! வெளிநாட்டவர் ஐஸுக்கு வந்தால் ஓயாமல் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு அமைதியின் அருமை தெரிகிறது" என்றார்.

நாங்கள் இருவரும் அடக்கமாகத் தலையசைத்தோம். நோர்வேயில் இத்தனை வருஷம் இருந்து நான் வாங்கிய பாராட்டுகளில் இதுதான் பெரியது.

நான் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன். பல்கனியில் பழகிய வேகம். மச்சானுக்கு இரண்டு ரொய்யே கிடைத்துவிட்டன. எனக்குத் தோள்வலி மட்டும். அப்போது நாய் அவனிடம் போனது. அவன் அதன் காதைத் தடவியபடி, நல்ல உரத்த தமிழில், நாயிடம் சொன்னான்.

"சிலபேர் மா இடிக்கிற மாதிரி இடிச்சுக்கொண்டிருக்கினம். மீன் பயந்து இப்ப சுவீடனுக்குப் போயிருக்கும். என்ன?"

நாய் வாலை ஆட்டியது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. நேரே பதில் சொல்ல முடியாது. ஒரு துண்டு பாணைக் காட்டி நாயை என் பக்கம் கூப்பிட்டேன்.

"இஞ்சை வா. அப்ப எப்பிடி ஆட்டவேணுமாம் எண்டு போய்க் கேள்."

நாய் பாணைத் தின்றுவிட்டு அவனிடம் திரும்பியது.

"அடியிலை முட்டவிட்டு ஒரு முழம் தூக்கவேணும்" என்றான் அவன் நாயின் முகத்தைப் பார்த்து. "ரெண்டுதரம் சின்னதாய்த் துடிக்க விட்டிட்டு, பிறகு சும்மா வைச்சிருக்கவேணும். சும்மா. ரொய்யே கடிக்கிறது ஆட்டேக்கை இல்லை, ஆட்டாமல் விடேக்கை. ஆனால் இது பொறுமையான ஆக்களின்ரை வேலை எண்டு சொல்லு."

"தான் ஒருத்தர்தான் பொறுமையான ஆளோ எண்டு கேள்."

நாய் பாவம், இருவருக்கும் நடுவே போய்வந்து களைத்துப் பனியில் படுத்துவிட்டது. பெண்மணி ஆச்சரியத்தோடு கேட்டார்: "இவளுக்கு உங்கள் மொழி புரிகிறதா?"

"கொஞ்சம்" என்றான் மச்சான் நோர்வேஜிய மொழியில். "சில மனிதரைவிட நன்றாகவே புரிகிறது."

அன்று நான் அவன் சொன்னபடியே செய்தேன் என்று அவனுக்குக் காட்ட விரும்பவில்லை. அவன் தன் துளையைப் பார்க்கும்போது மட்டும் செய்தேன். அடியில் முட்டவிட்டு, தூக்கி, துடிக்கவிட்டு, சும்மா வைத்திருந்தேன். சும்மா வைத்திருப்பது லேசான காரியமல்ல. கை ஓய்ந்ததும் மனம் ஆடத் தொடங்கியது. அலுமாரியில் இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. குனிந்து துளைக்குள் பார்த்தபடி, மெதுவாக, அழைப்புச் சொல்லும் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். "வாற மே மாதம் என்ரை மகளுக்குக் கலியாணம். நீங்கள் குடும்பமாய் வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்." துளைக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. தலையை நிமிர்த்தி இரண்டு பாய் தூரத்தில் இருந்தவனைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மார்ச் மாதம் பிறந்தது. "கலியாணமாம் எண்டு கேள்விப்பட்டம், எங்களுக்குக் காட் காணேல்லை" என்று ஆட்கள் கோயிலில் மனைவியிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஓரிருவர் கோபித்துக்கொண்டதாகவும் தகவல் வந்தது. ஒருவனோடு கோபத்தைத் தீர்க்க முடியாமல் நான் ஊரோடு கோபம் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். ஏரியின் ஓரங்களில் ஐஸ் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஐஸ் போனால் என் தற்செயலும் போய்விடும். மனைவி இப்போதெல்லாம் "சொன்னியளோ?" என்று கேட்பதில்லை. நான் திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அடுப்பைப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை இன்றைக்குச் சொல்லாமல் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்து, வழக்கம்போல் சொல்லாமல் இருந்தேன். மத்தியானமானது. தடியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, போத்தலிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினேன். பில்க் ஆடாமல் அசையாமல் அடியில் தொங்கியது. அத்தனை சனிக்கிழமைகளில் நான் அதை உண்மையாகவே சும்மா விட்டது அப்போதுதான்.

தடி வளைந்தது. கோப்பையை எறிந்துவிட்டுப் பாய்ந்து பிடித்தேன். அடியில் ஏதோ உயிரோடு இழுத்தது. அந்த இழுவை தோள்வரை வந்தது. அதே நேரம் பக்கத்தில் மச்சானும் துள்ளி எழும்பினான். அவன் தடியும் வளைந்திருந்தது. நான் சுற்றினேன். மீன் திருப்பி இழுத்தது. எப்பேர்ப்பட்ட இழுவை! அவனும் சுற்றினான், அவன் மீனும் விடவில்லை. நான் ஒரு முழம் எடுத்தால் அவன் தடி துளைவரை குனிந்தது. அவன் ஒரு முழம் எடுத்தால் என் தடி முறியப் பார்த்தது. ஏரியின் ராசாவும் ராணியும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். இருவரும் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒருவரை ஒருவர் பாராமல், உயிரைக் கொடுத்து இழுத்தோம்.

முதலில் விளங்கியது நோர்வேக்காரப் பெண்மணிக்குத்தான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. என் கொக்கியில் மாட்டிய மீன் ஐஸுக்குக் கீழே ஓடிப்போய் மச்சானின் தூண்டில் நரம்பைச் சுற்றிவிட்டது. நாங்கள் இவ்வளவு நேரமும் இழுத்தது மீனை அல்ல. அவன் என்னை இழுத்தான், நான் அவனை இழுத்தேன்.

"அத்தான், விடுங்கோ! தளர விடுங்கோ!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்ட அத்தான். எனக்கு வந்திருக்க வேண்டியது கண்ணீர். வந்தது வீம்பு.

"நீ விடு!"

"உங்கடை கொக்கியிலைதான் மீன்! நீங்கள் விட்டால்தான் எடுக்கலாம்! இல்லாட்டி அறுந்துபோம்!"

என் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடித்த மீன். அதை விடச் சொல்கிறான். என் விரல் நரம்புச் சுருளை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அவனைப் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்து, மீசையில் பனி உறைந்து, அறுந்துபோகுமே என்ற பதைப்போடு நின்றான். மகளின் கலியாணத்தன்று இந்த முகம் மண்டபத்தில் இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். விரலை எடுத்தேன். நரம்பு தளர்ந்து சுருள் சுருளாக ஓடியது.

அவன் மெல்ல மெல்ல இழுத்தான். அவனுடைய துளை வழியாக, என்னுடைய கொக்கியை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு ரொய்யே மேலே வந்தது. ராசாவுமில்லை, ராணியுமில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இருக்கும், வயிறு செம்மஞ்சள், வாயைத் திறந்து திறந்து மூடியது. இருவரும் மூச்சு வாங்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதைவிட்டால் வேறு நேரம் இல்லை. குல்லாவைக் கழற்றினேன். "வாற மே மாதம் என்ரை மகளுக்கு…" என்று தொடங்கினேன்.

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். "அத்தான், உதை ஐஸிலை நிண்டு சொல்லாதேங்கோ. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டை வாங்கோ." மீனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். "இது என்னட்டை இருக்கட்டும். அப்பத்தான் வருவியள்."

வீட்டுக்கு வந்து, அவன்தான் முதலில் கதைத்தவன் என்று மனைவியிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அலுமாரியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள், இறங்கிப் போக மாட்டேன் என்று ஒரு பனிக்காலம் முழுவதும் அடம்பிடித்தவன், வேட்டி சால்வையோடு லில்லெஸ்ட்ரோமில் அவன் வீட்டு மணியை அடித்தேன். மனைவி கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், முதல் அழைப்பிதழ். மச்சானும் அவன் மனைவியும் கூடத்தில் எங்கள் முன்னால் நின்றார்கள். நான் வசனத்தைச் சொன்னேன். முறைப்படி அவனை நீங்கள் என்று சொன்னேன். "நீங்கள் குடும்பமாய் வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்." துளைக்குச் சொன்னபோது நடுங்காத குரல் இங்கே நடுங்கியது.

மச்சான் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். "லீவு நான் போன கோடையிலேயே எழுதிக் குடுத்திட்டன், அத்தான். மே மாதத்திலை பஸ்காரருக்கு லீவு கிடைக்கிறது லேசே?"

மண்டபம் பதிவு செய்தது போன கோடையில். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப நான் சொல்லாட்டியும் வந்திருப்பாய்?" என்றேன். குரல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

"இல்லை" என்றான். "சொல்லாமல் எப்பிடி வாறது? அண்டைக்கு லீவிலை வீட்டிலை இருந்திருப்பன்."

அந்தப் படம் என் கண்முன் வந்தது. மண்டபத்தில் மேளம் அடிக்க, இவன் பட்டு வேட்டியைக் கட்டாமல், பஸ்ஸையும் ஓட்டாமல், இந்தக் கூடத்தில் சும்மா இருக்கிறான். பேச்சை மாற்ற, மீன் எங்கே என்று கேட்டேன்.

கத்தியை என்னிடம் தந்தார்கள். அதுவாவது எனக்குத் தெரிந்த வேலை. கத்தி தானாகவே ஓடியது. தலையில்லாத மீனையே சீவிய பாட்ஸ்பியோர்ட் பழக்கத்தில், தலையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். "ஐயோ அண்ணை, சொதிக்குத் தலை வேணுமெல்லோ!" என்று மச்சானின் மனைவி அதை மீட்டெடுத்தாள்.

மேசையில் சோறு, தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. நடுவில் ஒரு சின்னத் தட்டில் நான் பிடித்த மீன், மூன்று துண்டு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தபடி. எல்லோரும் உட்கார்ந்தோம். மச்சான் முதல் துண்டை எடுத்தான். வாயில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்சம் மென்றான்.

"அத்தான்" என்றான். "சேறு மணக்குது."

என் முகம் சூடேறியது. நான் சேற்றைத் துளைத்து, விறைத்து, ஒரு நாயிடம் பாடம் கேட்டுப் பிடித்த ஒரே மீன் அது. என்ன சொல்கிறான் இவன்? அது வந்தது உன் துளையால், பொரித்தது உன் எண்ணெயில் என்று சொல்ல வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே மனைவியின் கால் என் காலை மிதித்தது. அப்போதுதான் இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தட்டோடு அவன் குசினிக்குள் போனபோது அவனுக்கு எங்கே வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. சரியாக அந்த இடத்தில்தான் எனக்கும் வலித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மச்சான் இரண்டாவது துண்டை எடுத்தான். முள்ளைக்கூட வழித்துத் தின்றான். பிறகு மூன்றாவதையும் எடுத்துத் தன் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொதியை என் பக்கம் தள்ளினான்.

நான் பிடித்த மீன் சேறு மணந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.